குறி தவறிய வேல்

சென்ற ஆண்டு எமது கல்விக் கோட்டத்தில் நடைபெற்ற தமிழ்மொழித்தினப் பேச்சுப் போட்டியிலே, என்னிடம் தமிழ் கற்கும் மாணவி ஒருத்தி முதலாம் இடத்தைப் பெற்றாள். பாடசாலை மகிழ்ந்தது. அதிபர் காலைக் கூட்டத்தில் அவளையும் என்னையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். அப்பேச்சை எழுதியவன் நான். எந்தச் சொல்லிலே குரலை உயர்த்த வேண்டும், எங்கே ஒரு கணம் தரிக்க வேண்டும், எவ்விடத்திலே வலக்கையை நீட்ட வேண்டும் என்பனவற்றையெல்லாம் மூன்று வாரங்களாகப் பழக்கியவனும் நானே. அதே மேடையிலே கரையோரக் கிராமத்துச் சிறு பாடசாலை ஒன்றிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தியும் பேசினாள். தன் தாய் மீன் கிழித்து உப்பிட்டுக் கருவாடு காயவைக்கும் வேலையிலிருந்து பேச்சைத் தொடங்கினாள்; நடுவில் தடுமாறினாள்; சிறிது நேரம் வாய்மூடி நின்றாள். பின்னர் மீண்டும் தொடங்கி, நேரம் முடிந்ததென்று மணி அடித்த பிறகும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டே மேடையிலிருந்து இறங்கினாள். அவளுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. போட்டிக்குக் கொடுக்கப்பட்டிருந்த தலைப்போ உழைப்பின் உயர்வு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மாணவி என்னிடம் கேட்டாள்: "சேர், அந்தப் பிள்ளை தானாத்தானே பேசினவ. நான் நீங்கள் எழுதித் தந்ததைத்தானே சொன்னனான். அப்ப ஆர் வெண்டது?"

பல்கலைக்கழகத்திலே நான்கு ஆண்டுகள் தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற எனக்கு அவ்வேளை விடை சொல்லத் தெரியவில்லை. கற்ற நூல்களிலே அதற்கு விடை இல்லாமலில்லை. அவ்விடைக்கு எதிராக நான் நடந்துகொண்டிருந்தேன் என்பதுதான் தடையாயிற்று. வெற்றி என்பது வேறு, முழு முயற்சி என்பது வேறு என்று நம் இலக்கியம் எவ்வாறு பிரித்தறிந்தது, அந்தப் பிரிப்பு இன்றைய சமுதாயத்தில் நமக்கு எவ்வளவு பயன்படும், எவ்விடத்தில் பயன்படாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவுக்கு ஆயத்தமாக இரண்டு விடைகள் நம்மிடையே உலவுகின்றன. வென்றவனே வல்லவன், மற்றவையெல்லாம் தோற்றவனின் சமாதானம் என்பது முதலாவது விடை. தனியார் கல்வி நிலையங்களின் மதிலிலே தொங்கும் பெறுபேற்றுப் பதாகைகள் இதனையே சொல்கின்றன. வெற்றி முக்கியமன்று, பங்குபற்றுவதே முக்கியம் என்பது இரண்டாவது விடை. பரிசளிப்பு விழாவிலே பிரதம விருந்தினர் தோற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது இது. முதலாவது விடையின் கொடுமையை நாம் எளிதில் உணர்ந்துகொள்கிறோம். இரண்டாவது விடையின் பிறப்பைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு.

பங்குபற்றுவதே முக்கியம் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் நவீன ஒலிம்பிக் போட்டிகளை நிறுவிய பியர் டி கூபெர்த்தின் பிரபு. 1908ஆம் ஆண்டு இலண்டனிலே போட்டிகள் நடைபெற்றபோது, பேராயர் ஒருவரின் பிரசங்கத்தை ஆதாரமாகக் கொண்டு அவர் இதனை எடுத்துரைத்தார். அழகான கருத்துத்தான். ஆயினும் அக்காலத்து இங்கிலாந்தில் 'பொழுதுபோக்கு விளையாட்டாளன்' என்று யாரைக் குறித்தார்கள் என்பதை நோக்கினால் அதன் மறுபக்கம் தெரியும். புகழ்பெற்ற ஹென்லிப் படகோட்டப் போட்டிக்கு 1879இல் வகுக்கப்பட்ட விதியின்படி, கைவினைஞனோ கூலித் தொழிலாளியோ அப்போட்டியிலே கலந்துகொள்ள முடியாது. உடலால் உழைத்துப் பிழைப்பவன் கனவான்களோடு துடுப்புப் பிடித்தல் தகாதென்ற இவ்விதி 1937 வரை நின்று நிலவியது. வெற்றி முக்கியமன்று என்று சொல்லும் வசதி, வெற்றி தேவைப்படாத வர்க்கத்துக்கே இருந்தது. அவர்கள் பங்குபற்றுதலைப் புகழ்ந்தார்கள். பிறர் பங்குபற்றாதிருக்க வாயிலைப் பூட்டியும் வைத்தார்கள்.

நமது நாட்டுக்கு வருவோம். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியினால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் திறமையுள்ளோரை மத்திய பாடசாலைகளுக்குக் கொண்டுவருவதற்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வழியாயிற்று. அதன் நோக்கம் நியாயமானது. தோட்டத்து லயத்தில் வாழும் தொழிலாளியின் மகளிடமோ, கடற்கரையில் வலையிழுப்பவரின் மகனிடமோ சென்று, "வெற்றி பெரிதன்று, நீ எழுதியதே பெரிது" என்று சொல்வது அறமாகாது. அந்தப் பிள்ளைக்கு வெற்றி என்பது ஒரு கதவு. பல்கலைக்கழக அனுமதிக்கு இஸற் புள்ளியின் தசம தானங்களை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவனிடமும் நாம் அப்படிச் சொல்ல முடியாது. ஆகையால், வெற்றியை இகழ்ந்து முயற்சியைப் போற்றுவோமாயின் கனவான்களின் பாடத்தையே நாம் மறுபடியும் ஒப்பிப்பவர்களாவோம். நம் இலக்கியம் காட்டும் வழி இவ்விரண்டுக்கும் வேறானது.

திருக்குறளில் படைச்செருக்கு என்னும் 78ஆம் அதிகாரத்தின் இரண்டாவது குறள் யாவரும் அறிந்தது. காட்டு முயலைத் தவறாது எய்த அம்பைக் காட்டிலும், யானையின்மீது எறிந்து குறி தவறிய வேலைக் கையிலே தாங்குவது இனிது என்பது அதன் பொருள். இதனை நாம் பெரும்பாலும் 'உயர்ந்த இலட்சியம் கொள்க' என்ற பொது உபதேசமாகச் சுருக்கிக் கற்பிக்கிறோம். ஆனால் வள்ளுவர் இங்கு ஒப்பிடுவது இரண்டு கருவிகளை. முயலை எய்தவனின் கையில் வெற்றி இருக்கிறது. யானைமீது எறிந்தவனிடம் இருப்பதோ தவறிய வேல் மட்டுமே. பெறுபேற்றைக் கொண்டு அளந்தால் முன்னவன் வென்றவன், பின்னவன் தோற்றவன். வள்ளுவர் அந்த அளவுகோலை ஒதுக்கிவிட்டு, எதிரே நின்றது எது, அதன்முன் நின்றவன் தன்னை எவ்வளவு தூரம் பணயம் வைத்தான் என்று கேட்கிறார். முயல் திருப்பித் தாக்காது. யானையின்மீது எறிந்த வேல் தவறினால் எறிந்தவனின் உயிருக்கு உத்தரவாதமில்லை.

இக்கருத்து வள்ளுவருக்கு மட்டும் உரியதன்று. புறநானூற்றின் 214ஆம் பாடலிலே, உயிர் துறக்கத் துணிந்து வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனும் இவ்வாறே பேசுகிறான். யானை வேட்டைக்குப் போனவன் யானையோடு வருதலும் உண்டு, சிறு பறவையைத் தேடிப் போனவன் வெறுங்கையோடு திரும்புதலும் உண்டு என்கிறான் அவன். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். சோழன் யானை கிடைத்தலும் கூடும் என்று நம்பிக்கை தருகிறான். வள்ளுவரோ யானை கிடைக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே தம் தீர்ப்பை வழங்குகிறார். அவ்வகையில் குறள் கூடுதலாகக் கண்டிப்பானது, கூடுதலாக நேர்மையானதும்கூட.

இதற்கடுத்த குறளைத் தமிழாசிரியர்கள் இதனோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பகைவர்மேல் கண்ணோடாது செய்யும் மறம் பேராண்மை எனப்படும். அப்பகைவருக்கு ஓர் இடர் நேர்ந்தபோது உதவுதல் அம்மறத்தின் கூர்மை என்பது அக்குறளின் கருத்து. உரை எழுதிய பரிமேலழகர், இலங்கை வேந்தன் தன் படையை முழுதும் இழந்து தனியனாய் நின்ற நிலையைக் கண்ட இராமன், மேற்செல்லாது இன்று சென்று நாளைப் படையோடு வருக என்று விடுத்த நிகழ்ச்சியை இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். போட்டி என்பதன் பொருள் இவ்விடத்தில் ஆழமடைகிறது. எதிர் நிற்பவனின் முழு வலிமையோடு மோதி அடைவதுதான் வெற்றி. அவன் கை வெறுமையாயிருக்கும்போது கிட்டுவதன்று. முயலை எய்தலும், ஆயுதமிழந்தவனை வீழ்த்தலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. என் மாணவியின் பேச்சும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு பட்டதாரி ஆசிரியனின் பேனாவைக் கையிலேந்தி, துணையில்லாத ஒரு பிள்ளையை அவள் வென்றாள். அதற்குரிய பழி அவளுடையதன்று.

இத்துணையும் அறநூலின் கூற்று. அறநூல் பொதுவாகப் பேசும். யாரை நோக்கிப் பேசுகிறது என்பது அதிலே தெளிவாவதில்லை. ஒரு குறிப்பிட்ட போர், ஒரு குறிப்பிட்ட வெற்றியாளன், அவன் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட தீர்ப்பு என்று எல்லாம் ஒருங்கே அமைந்த ஆதாரத்தைச் சங்க இலக்கியத்திலே காண்கிறோம். அது வெண்ணிப் போர்.

நீடாமங்கலத்துக்கு அண்மையிலுள்ள இன்றைய கோயில்வெண்ணியே பழைய வெண்ணி என்பர். அங்கே சோழன் கரிகாலன் பெரும் வெற்றி பெற்றான். பொருநராற்றுப்படையிலே முடத்தாமக்கண்ணியார் அவ்வெற்றியைப் பாடுகிறார். சேரரும் பாண்டியருமாகிய இருபெரு வேந்தரும் ஒரே களத்தில் அழியத் தாக்கியவன் என்று புகழ்கிறார். அவ்வாற்றுப்படையில் வரும் பொருநன் கரிகாலனிடம் உண்டான், உடுத்தான், பரிசில் பெற்றான். பரிசில் வழங்குபவனைப் பாடுவது பாணர் பொருநர் வாழ்வின் பொருளாதாரத் தேவை. அதனை நாம் குறைகூற வேண்டியதில்லை. வெற்றியாளனைச் சுற்றிப் புகழ் திரளும் முறையை அந்நூல் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

அதே போரைப் பற்றிப் புறநானூற்றில் இரண்டு பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 65ஆம் பாடல் கழாத்தலையார் பாடியது. தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருப்பதைக் கண்டு புலவர் கையற்றுப் பாடுகிறார். முழவு மண் பூசப்பெறாது கிடக்கிறது. யாழ் பண்ணை மறந்தது. சுற்றத்தார் கள்ளை மறந்தனர். உழவரின் ஓசையும் ஊர்களின் விழாவும் அடங்கிவிட்டன. நிறைமதி நாளிலே ஞாயிறும் திங்களும் எதிரெதிர் நோக்கி நிற்க, அவற்றுள் ஒன்று மாலையில் மலைக்கப்பால் மறைவதைப் போல, இரு வேந்தருள் ஒருவன் மறைகிறான் என்பது அப்பாடலின் உவமை. இவ்வுவமையை ஊன்றி நோக்க வேண்டும். இரண்டும் ஒளிரும் சுடர்கள். மறையும் சுடர் சிறியது என்று புலவர் சொல்லவில்லை. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. சேரனின் முதுகுப் புண் ஓடும்போது பட்டதன்று. தனக்கு நிகரான வேந்தன் மார்பை நோக்கி எறிந்த வேல் உருவிச் சென்றமையால் ஏற்பட்டது. புறங்காட்டாதவனுக்குப் புறப்புண். அவன் செய்யாத குற்றத்துக்கு அவனே நாணுகிறான்.

66ஆம் பாடல் வெண்ணிக் குயத்தியார் பாடியது. கரிகாலனை விளித்தே பாடல் தொடங்குகிறது. காற்றின் இயக்கத்தை ஆண்டு கடலிலே கலம் செலுத்தியவர்களின் வழித்தோன்றலே, யானைப்படை உடையவனே, போரிலே வென்றவனே என்றெல்லாம் முறைப்படி புகழ்ந்துவிட்டு, வெண்ணிக் களத்திலே புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என்று கேட்டு முடிக்கிறார்.

இது வெறும் கேள்வி. ஆயினும் அக்கேள்வியில் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. பழைய தொகுப்பாளர் இப்பாடலுக்கு வகுத்த திணை வாகை, துறை அரசவாகை. வென்ற மன்னனின் இயல்பைச் சிறப்பிக்கும் துறையிலே, தோற்றவன் சிறந்தவன் என்று முடியும் பாடல் இடம்பெற்றிருக்கிறது. கரிகாலனின் வெற்றியை அப்பாடல் மறுக்கவில்லை. வல்லமையில் நீ வென்றாய், நன்மையில் அவன் உனக்கு மேலே நின்றான் என்று இரண்டு தராசுகளை நிறுத்துகிறது. ஒருவேளை தொகுத்தவர் இதனை வெற்றிப் பாடலாகவே கொண்டது தவறன்று. தன் முன்னிலையிலே இப்படிப் பாடக் கேட்டுப் பொறுத்த மன்னனுக்கும் அதில் ஒரு சிறப்பு உண்டல்லவா!

இத்தீர்ப்பை வழங்கியவர் யார் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குயத்தியார் என்ற பெயர் அவரை மட்பாண்டம் வனையும் குலத்தவராகக் காட்டுகிறது. அவர் வெண்ணி ஊரவர். போர் நடந்தது அவருடைய மண்ணில். புறநானூற்றின் 228ஆம் பாடலில், கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனை விளித்து, இவ்வளவு பெரிய மன்னனை அடக்கத் தாழி வனைய உன்னால் இயலுமோ என்று வினவுகிறார். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த அக்காலத்திலே, போர் முடிந்த பிறகு வேலை மிகுவது குயவர் வீட்டிலேயே. வென்ற பக்கத்துப் பிணத்துக்கும் தோற்ற பக்கத்துப் பிணத்துக்கும் ஒரே களிமண், ஒரே சக்கரம், ஒரே சூளை. வெற்றி தோல்வியைத் தாண்டி மனிதனை எடைபோடும் பார்வை அத்தொழிலிலிருந்து அவருக்கு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகமே ஆயினும், அரசவையின் அளவுகோலை ஏற்காத தீர்ப்பு உழைக்கும் மகள் ஒருத்தியின் பெயரால் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது உண்மை. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்துத் தந்திராவிட்டால் இக்குரல் நம் காதுக்கு எட்டியிருக்குமோ என்பது ஐயமே.

எனினும் இப்பாடலைக் கண்ணை மூடிக்கொண்டு போற்ற என்னால் இயலவில்லை. பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் 1968இல் வெளிவந்த தமது ஆங்கில ஆய்வு நூலிலே சங்கப் பாடல்களை வீரயுகத்துப் பாணர் மரபோடும் பிற நாட்டு வீரப்பாடல்களோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அக்கண்ணோட்டத்தில் பார்க்கும்போது சேரனின் நாணம் தனிமனிதக் குணம் மட்டுமன்று. வீரயுக உயர்குடியின் விழுமியம். மன்னனின் மானத்துக்காகக் களத்தில் விழுந்த பெயரில்லாத காலாட்கள் எத்தனை பேர் என்று இரண்டு பாடல்களும் சொல்லவில்லை. அகநானூற்றின் 55ஆம் பாடலில் மாமூலனார், சேரன் வடக்கிருந்த செய்தி கேட்டுச் சான்றோர் பலர் அவனோடு உயிர்விட்டனர் என்கிறார். இதை நாம் வியக்கலாம். இளைஞருக்கு முன்மாதிரியாக வைக்கலாகாது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாள்களிலே பிள்ளைகள் சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்தியைப் படித்துக் கலங்கும் ஆசிரியர்கள் நாம். முழு முயற்சியோடு போராடித் தோற்றவன் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவன் உயிரோடிருந்து மறுபடி எழ வேண்டியவன் என்பதை இப்பாடலோடு சேர்த்தே நாம் சொல்லியாக வேண்டும். குயத்தியாரின் தராசை எடுத்துக்கொள்வோம். சேரனின் வாளை அங்கேயே விட்டுவிடுவோம்.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம் இங்கே நமக்குத் துணை வருகிறது. ஊழினால் காரியம் கைகூடாது போயினும், முயற்சியானது உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்கிறார் வள்ளுவர். புகழ், பெருமை, பேறு ஆகிய சொற்களெல்லாம் அவர் கைவசம் இருந்தன. அவற்றை விட்டுக் கூலி என்ற உழைப்பாளியின் சொல்லை அவர் எடுத்தாண்டது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கூலி என்பது இரங்கிக் கொடுப்பதன்று. உழைத்தவனுக்கு உரிமையாய்ச் சேர வேண்டியது. மூன்று வாரம் உழைத்த பிள்ளைக்குப் பரிசு கிட்டாது போகலாம். ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவளுடைய மொழியும் துணிவும் வளர்ந்திருத்தல் வேண்டும். அந்தக் கூலியைக் கொடுக்காத போட்டி, வென்றவளையும் ஏமாற்றிய போட்டியே. என் மாணவிக்குக் கேடயம் கிடைத்தது. கூலி கிடைக்கவில்லை, ஏனெனில் அவளுக்காக உழைத்தவன் நான்.

இக்கருத்து ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி ரோக்கியோ ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீற்றர் ஓட்டம் நடைபெற்றது. மைதானத்தை இருபத்தைந்து தடவை சுற்ற வேண்டும். இலங்கை இராணுவத்தைச் சேர்ந்த ரணதுங்க கருணானந்த 67ஆம் இலக்கம் பொறித்த சட்டையோடு ஓடினார். பலர் இடையிலே விலகினர். மற்றவர்கள் ஓடி முடித்த பின்னரும் அவருக்குச் சில சுற்றுகள் எஞ்சியிருந்தன. வெறுமையான ஓடுபாதையிலே அவர் தனியே ஓடினார். முதலில் நகைத்த கூட்டம் பின்னர் எழுந்து நின்று கைதட்டியது. அவர் கடைசியாக வந்தார். அக்கதை பின்னாளில் யப்பானியப் பிள்ளைகளின் பாடநூலில் இடம்பெற்றது. நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அவருடைய பெயரை அறிவர்?

அதே ஓட்டத்தில் வென்றவரையும் மறத்தலாகாது. 28 நிமிடம் 24.4 விநாடியில் முதலாவதாக வந்த பில்லி மில்ஸ், அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் வெல்வார் என்று எதிர்பார்த்தவர்கள் மிகச் சிலரே. இறுதிச் சுற்றில் தள்ளப்பட்டுப் பின்தங்கியும் கடைசி மீற்றர்களிலே முன்னவரைத் தாண்டினார். முழு முயற்சியின் பக்கத்திலே வெற்றியாளனும் நிற்கலாம் என்பதற்கு அவர் சான்று. ஓர் ஓட்டத்தின் முதல்வரும் கடைசியானவரும் ஒரே அறத்தைப் பின்பற்றினர். வெற்றிக்கும் முயற்சிக்கும் இயல்பான பகை ஏதுமில்லை. பகை இருப்பது முயற்சியில்லாத வெற்றிக்கும் உழைப்புக்குமிடையிலேதான்.

இனி நவீன இலக்கியத்துக்கு வருவோம். 1952இல் வெளிவந்த ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' நாவலிலே கியூபாக் கிழவன் சந்தியாகோ 84 நாள்களாக மீன் எதுவும் பிடிக்காதவன். பின்னர் ஒரு பெருமீனைத் தூண்டிலில் பிடித்து, அதனோடு போராடி வெல்கிறான். திரும்பும் வழியில் சுறாக்கள் அதனைத் தின்றுவிடுகின்றன. கரைக்கு வருவது எலும்புக்கூடு மட்டுமே. கடைசியில் அந்த எலும்பைக் காணும் உல்லாசப் பயணி ஒருத்தி, அது சுறாவின் எலும்பு என்று தவறாக விளங்கிக்கொள்கிறாள். விளைவை மட்டும் பார்ப்போரின் அறியாமைக்கு இதைவிடக் கூர்மையான சித்திரம் அரிது. இந்நாவலைத் தனிமனித வாதம் என்று நம்மவர் சிலர் ஒதுக்குவதுண்டு. ஆனால் கிழவன் கடலில் மீண்டும் மீண்டும் விரும்புவது, சிறுவன் தன்னோடு இருந்திருக்கலாமே என்பதையே. அவனிடம் தொழில் பயின்ற அச்சிறுவனை, நாற்பது நாள் மீன் படாததைக் கண்டு, பெற்றோர் வேறு படகுக்கு மாற்றிவிட்டனர். அப்படகு முதல் வாரத்திலேயே மூன்று நல்ல மீன்களைப் பிடித்தது. கிழவனின் தனிமை அவன் தேர்ந்தெடுத்ததன்று. வென்ற படகுக்கே பிள்ளையை அனுப்பும் சமுதாயம் அவனைத் தனிமைப்படுத்தியது. பிள்ளைகளைப் 'பெறுபேறு காட்டும்' பாடசாலைக்கு மாற்ற அலைகின்ற நம் பெற்றோருக்கும் இந்நாவலில் இடமுண்டு.

நம் முற்போக்கு எழுத்தாளரிடமும் இவ்விடத்தில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நமது சிறுகதைகள் பலவற்றில் வேலைநிறுத்தம் கடைசிப் பக்கத்தில் வெற்றி பெறுகிறது, தலைவன் தோளிலே தூக்கப்படுகிறான், சூரியன் உதிக்கிறது. வாழ்க்கையில் எத்தனை வேலைநிறுத்தங்கள் தோற்றன, தோற்றபின் அத்தொழிலாளர் எவ்வாறு மறுபடி கூடினர் என்பதை எழுத நாம் தயங்குகிறோம். கதையிலே வெற்றியைச் சுலபமாக வழங்குவது முயலை எய்வதற்கு ஒப்பானது. இலக்கியப் போட்டிகளுக்கென்றே நடுவர்களின் சுவை அறிந்து கதை பின்னும் வழக்கத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. பரிசு பெற்ற கதைகள் எத்தனை. அவற்றுள் மறுமுறை படிக்கத் தக்கவை எத்தனை! யானையை எதிர்கொண்டு தவறிய ஒரு கதையை, திருத்தமாக எழுதிய பத்து முயற் கதைகளுக்கும் மேலாக மதிக்கும் நேர்மை விமர்சகனுக்கு வேண்டும். அதே வேளை, குறி தவறியது என்பதையும் அவன் மறைக்காமல் சொல்ல வேண்டும். குயத்தியார் கரிகாலனின் வெற்றியையும் மறைக்கவில்லை, சேரனின் தோல்வியையும் மறைக்கவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. பிள்ளையின் பேச்சைப் பிள்ளையே எழுதட்டும்; நாம் கேட்டுக் கேள்வி எழுப்புவோம். சித்தி வீதம் குறையுமென்று பின்தங்கிய மாணவனைப் பரீட்சைக்குத் தோற்றாதபடி தடுக்கும் பாவத்தில் பங்குகொள்ளாதிருப்போம். இலகுவாகப் புள்ளி கிடைக்கும் பாடம் எது என்று கேட்டு வரும் மாணவனிடம், உனக்கு எதிரே நிற்க வேண்டிய யானை எது என்று திருப்பிக் கேட்போம். அதேவேளை, துணையில்லாத பிள்ளைக்கும் துணை கிடைக்கும்படி பாடசாலைகளுக்கிடையிலுள்ள ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் போராடுவோம். வெறுங்கையனை வென்று மகிழாதிருக்க வேண்டுமாயின், யாருடைய கையும் வெறுமையாயிருக்கக் கூடாது. முழு முயற்சி என்னும் அறம் சமத்துவமில்லாத களத்திலே முழுமை பெறாது.

இவ்வாண்டு என் மாணவி தன் பேச்சைத் தானே எழுதினாள். மிளகாய்த் தோட்டத்திற்கு இரவிலே தண்ணீர் மாறும் தன் தந்தையைப் பற்றி எழுதினாள். நான் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன்; அவ்வளவே. மேடையிலே ஓரிடத்தில் சொல்மறந்து நின்றாள், பின்னர் தொடர்ந்தாள். மூன்றாம் இடம் கிடைத்தது. முதலாம் இடம் பெறுபவரே வலய மட்டத்துக்குச் செல்வர் என்பதால் அவளுடைய பயணம் அத்தோடு நின்றது. அதிபர் என்னை அழைத்து, "என்ன சேர், இந்த முறை விட்டிட்டியள்?" என்று கேட்டார். நான் அவருக்கு வெண்ணிக் குயத்தியாரின் பாட்டைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அவர் எதைப் பார்க்கப்போகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பஸ்ஸிலே மாணவி இம்முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கரையோரப் பாடசாலைப் பிள்ளை இவ்வாண்டும் வந்திருந்தாளா என்று நான்தான் கேட்டேன். வந்திருந்தாள் என்றும், தான் போய் அவளோடு கதைத்ததாகவும் சொன்னாள்.